அரை ஓட்டில் போன பதவி

என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே ‘தலைவர், அறிவியல் கழகம்’ என்று அச்சடிக்கச் சொன்ன அன்று நான் எதற்கும் தலைவனாக இல்லை. வீட்டுக்கே இல்லை என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். கழகத் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பத்திரிகை அடிக்கிறவர் அதுவரை காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முகூர்த்த மாதம், அவருக்கு அவர் அவசரம்.

தப்பு முழுக்க என் மேல் இல்லை. சம்பந்தி வீட்டார் அனுப்பியிருந்த விவரம்தான் என்னைக் கெடுத்தது. மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குக் கீழே ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் என்பதில் ஆரம்பித்து, நடைப்பயிற்சி நண்பர்கள் சங்க ஆலோசகர், வாசகர் வட்டத்தின் ஆயுள் உறுப்பினர், கோயில் திருப்பணிக் குழு என்று இறங்கிக்கொண்டே போனது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை. அவர் பக்கம் கல்வெட்டு மாதிரி இருந்தது. என் பக்கம் பெயர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சியில் அந்த அச்சகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், உங்க பேருக்குக் கீழ இன்னா போடறதுங்க?”

“எழுத்தாளர்னு போடுங்க.”

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, டாக்டர் நோயாளியிடம் பேசுகிற குரலில், “கல்யாணப் பத்திரிகைல அதெல்லாம் வேணாங்க சார். பொண்ணு விஷயம்” என்றார்.

பக்கத்தில் இருந்த என் மனைவி, “பேங்க்ல இருந்தேன்னு போட்டுக்கறதுக்கு இன்னா கேடு உங்களுக்கு?” என்றாள்.

நான் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. எழுதப் போகிறேன் என்றுதான் வந்தேன். அப்படியே போடலாம் என்றால் ‘ஓய்வு’ என்கிற சொல் குறுக்கே வரும்.

“ஓய்வுன்னு போட்டா கெழவன் மாதிரி இருக்கும்” என்றேன்.

“மாதிரியா?” என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் தலைவரானேன். வாயிலிருந்து தானாக வந்தது: “தலைவர், அறிவியல் கழகம்.” அச்சகத்துக்காரர் முகம் மலர்ந்தது. “இது, இது நல்லா இருக்குங்க” என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கவும் செய்தார்.

எங்கள் கழகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஏரிகளில் பறவைகளை எண்ணுவது, மழை அளவைக் குறிப்பது, பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஓடிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்வது, இவைதான் வேலை. பள்ளி ஆசிரியர்கள், விவசாயிகள், என்னைப் போல் பொழுது போகாதவர்கள் என்று ஓர் ஐம்பது பேர் இருப்போம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆட்சிக்குழுத் தேர்தல். தேர்தல் என்று பெயர்தான். பதவி விட்டுப் போகிறவர் ஒருவர் தோளைத் தட்டி, “அடுத்தது நீங்க” என்பார். கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கை தட்டுவார்கள், தட்டின கையோடு போண்டாவை எடுப்பார்கள். செயலாளர் பதவிக்கு யாரும் வர மாட்டார்கள், அதில் வேலை உண்டு. துணைத் தலைவர் பதவிக்கும் வர மாட்டார்கள், அதில் வேலையும் இல்லை, பெயரும் இல்லை. அது வருடக்கணக்காகக் காலியாகவே கிடந்தது.

அந்த வருடம் தலைவராக இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என் தோளைத் தட்டியிருந்தார். போதாதா?

பத்திரிகைக் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. பாதி சம்பந்தி வீட்டுக்குப் போய், அவர்கள் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு ஊர் முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம்தான் கழகச் செயலாளர் போன் செய்தார். அவர் நைனார்பாளையம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இன்னும் கரும்பு போடுகிறார், இவர் உயிரியல் ஆசிரியை. எங்களுக்கு அவர் வெறும் ‘டீச்சர்’. கழகத்தில் நடக்கிற வேலை எல்லாம் அவர் செய்வது. நடக்காத வேலைகளுக்குத்தான் மற்ற நாங்கள்.

“சார், தலைவர் பதவிக்கு ரெண்டு மனு வந்திருக்கு.”

“ரெண்டா? என்னோடத நான் ஒரு தடவதான குடுத்தேன்?”

“இன்னொண்ணு மாட்டு டாக்டர் சாருது.”

கால்நடை மருத்துவர் எனக்குக் கெட்டவர் இல்லை. ஆனால் வாக்காளர்களில் பாதிப் பேருடைய மாடுகள் அவர் கைபட்டுப் பிறந்தவை. விஷயத்தை மனைவியிடம் சொன்னேன்.

“அவரு நம்ம தெரு நாய்ங்களுக்கெல்லாம் ஊசி போட்டிருக்காரு. நீங்க இன்னா பண்ணீங்க?”

“அறிவியல் கழகத் தேர்தல்ல நாய்க்கு ஓட்டு இல்ல.”

“தோத்துட்டா சம்பந்தி வூட்ல இன்னா சொல்லுவீங்க?”

சம்பந்தி ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர். வாழ்நாள் முழுக்கப் போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்தவர். அவர் கையிலேயே ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறேன். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் முதல் நாளே ‘இவர் சொன்னது பொய்’ என்று ஆகிவிட்டால், பிறகு மகள் அங்கே ‘எங்கப்பா சொன்னாரு’ என்று எதையும் சொல்ல முடியாது. இது எனக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது: கழகத்தினர் எல்லாரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும். எந்தப் பத்திரிகையைக் கொடுத்துக் கூப்பிடுவது? ஜெயித்தால் நிமிர்ந்து கொடுக்கலாம். தோற்றால், என்னைத் தோற்கடித்தவர் கையில், ‘தலைவராகிய நான் அழைக்கிறேன்’ என்று கொடுக்க வேண்டும்.

டாக்டருக்கு என் மேல் அவ்வளவு மரியாதை இருக்க நியாயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய வருடம் ஏரிக் கணக்கெடுப்பில், நடுத்தண்ணீரில் அசையாமல் நின்ற ஒரு வெள்ளை நாரையை நான் வெகுநேரம் பார்த்து, நாரை ஒன்று, தியான நிலையில், என்று எழுதினேன். டாக்டர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய் அந்த நாரையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பினார். மூங்கில் கழியில் மாட்டிய சிமெண்ட் சாக்கு.

அந்த அவமானத்தைத் துடைக்க நானே ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். எதை எண்ணினாலும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கண்ணில் பட்டதை எண்ண வேண்டுமே தவிர, அது ஏன் அங்கே நிற்கிறது, என்ன நினைக்கிறது என்று ஊகிக்கக் கூடாது. கடைசியில் இரண்டு எண்ணிக்கையையும் கூட்டிச் சராசரி எடுத்து எழுத வேண்டும். அன்று அந்த விதி இருந்திருந்தால் என் சாக்கு அரை நாரையாகக் குறைந்திருக்கும். எல்லோரும் மெச்சிக் கைதட்டினார்கள். அந்த வருடத்துக் குறிப்பில் மூன்றரை நீர்க்காகம், பதினொன்றரைக் கொக்கு என்றெல்லாம் இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. அறிவியல் கழகங்களில் அப்படித்தான்.

தேர்தல் வேலைக்கு எனக்கு ஒரு நண்பன் இருந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். கழகத்தின் பொருளாளர். என்னை முன்மொழிந்தவனும் அவனே.

“டாக்டருக்கு ஓட்டு எங்க இருக்கு?” என்று கேட்டான்.

“வடக்கனந்தல், நைனார்பாளையம். எல்லாம் விவசாயிங்க.”

“உனக்கு?”

“மலைமேல வேல பாக்கற வாத்தியாருங்க. நான் எழுதறத அவங்கதான் படிக்கறாங்க.”

“அங்க வேற எதுவும் கெடைக்காது” என்றான். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கூட்டத்தைக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வைத்தால்? மலைப்பாதையில் வளைந்து வளைந்து பஸ் ஏறுவதை நினைத்தே சமவெளி விவசாயிகள் பாதிப் பேர் அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலேயே திரும்பிவிடுவார்கள். வாத்தியார்கள் இருக்கிற இடத்திலிருந்து நடந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஆட்சிக்குழுவில் நான் எழுந்து, “காலைல கல்வராயன் மலைல பறவை எண்றோம், மதியம் பொதுக்குழு. மலை உறுப்பினர்கள நாம ரொம்ப நாளா புறக்கணிச்சுக்கினு இருக்கோம்” என்று உருக்கமாகப் பேசினேன். ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. டீச்சர், “ஒரு ஞாயிறு ஆராதனைய விட்டுட்டு வர்றேன் சார். அதுக்குத் தகுந்த மாதிரி கணக்கு சரியா இருக்கணும்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு ஆன்மிகமாக இல்லை.

ஞாயிறு காலை பஸ் ஏறினோம். வடக்கனந்தலில் ஒரு கூட்டமே ஏறியது. அவர்களுக்கு மலை என்றால் பக்கத்து வீடு மாதிரி. மாடு வாங்க, சாமை வாங்க, பெண் பார்க்க என்று எதற்கெடுத்தாலும் மேலே போய் வருகிறவர்கள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். நைனார்பாளையத்துக்காரர்கள் ஒரு வேனை வைத்துக்கொண்டு, புளிச்சோற்று வாளியோடு எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சுளித்த முகம் ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது வளைவில் எனக்கு வயிறு புரண்டது. ஐந்தாவது வளைவில் தலையை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். யாரோ என் நெற்றியைப் பிடித்து, முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் டாக்டர்.

“மூச்ச நல்லா இழுத்து வுடுங்க சார். அப்படித்தான். அப்படித்தான். நல்ல புள்ள.” கன்று ஈனும் மாட்டிடம் பேசுகிற குரல். அந்தக் குரலுக்கு எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் சுகமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். “இது மனுஷனுக்குக் குடுக்கறதுதான், பயப்படாதீங்க.”

அப்படித் தலையை வெளியே விட்டிருந்த நிலையில்தான் எதிரே மலையிறங்கி வந்த பஸ்ஸைப் பார்த்தேன். இரண்டு பஸ்ஸும் வளைவில் ஒன்றையொன்று உரசாமல் மெதுவாகக் கடந்தன. அந்தப் பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தெரிந்த முகங்கள். என் வாசகர்கள். மலை வாத்தியார்கள். ஒருவர் சந்தோஷமாகக் கையை ஆட்டி, “சார்! கூட்டத்துக்கா மேல போறீங்க? நாங்க வூட்டுக்குப் போய்க்கினு இருக்கோம். லீவுல்ல!” என்றார்.

வாரம் முழுக்க மலையில் வேலை பார்க்கிறவன் ஞாயிற்றுக்கிழமை கீழே தன் வீட்டுக்குத்தான் போவான் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். வேலையை விட்டவனுக்கு எல்லா நாளும் ஞாயிறு. அதனால் எனக்கு அது நினைவில் இல்லை.

“ஒன்பது ஓட்டு கீழ எறங்குது” என்று நண்பன் என் காதில் சொன்னான். நான் மறுபடி தலையை வெளியே விட்டேன்.

காலையில் பறவை எண்ணியது பற்றி எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு மரத்தடியில் படுத்திருந்தேன். மதியம் சாமைச் சோறும் கீரையும் போட்டார்கள். நான் மோர் மட்டும் குடித்துவிட்டுச் சமுதாயக் கூடத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆச்சரியம், கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சில வாத்தியார்கள் மலையிலேயே தங்கியிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த சிலர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் போலத் தெரிந்தது. அரசியலில் இரக்கம் எங்கிருந்து வந்தாலும் ஓட்டுதான்.

டீச்சர் எழுந்தார். “வாக்குச்சீட்டு வேணும்னு யாராவது கேட்டா உண்டு. இல்லன்னா கை தூக்கறதுதான் நம்ம வழக்கம்.”

யாரும் கேட்கவில்லை.

“எண்றது நம்ம விதிப்படி. ரெண்டு பேரு, தனித்தனியா, பேசக்கூடாது, சராசரி. நான் ஒண்ணு. பொருளாளர் சார் ஒண்ணு.”

ஓட்டை எண்ணுவதற்கும் கொக்கை எண்ணுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் என் விதி இவ்வளவு தூரம் வளர்ந்திருப்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

உடனே விவாதம் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டில் அடைந்த பறவையாக எண்ணலாமா என்று ஒருவர் கேட்டார். எழுப்பிக் கேட்கலாமே என்றதற்கு, பறவையைக் கலைக்கக் கூடாது என்பது அடிப்படை விதி என்றார் இன்னொருவர். வாசற்படியில் பீடியோடு ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தவரை, ஏரிக்கு மேலே பறந்துபோகிற, இறங்காத பறவை என்று தள்ளிவிட்டார்கள். அவர் பீடியைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினார்.

“டாக்டர் சாருக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. டீச்சர் ஒரு பக்கமிருந்தும் நண்பன் மறுபக்கமிருந்தும் உதட்டை மட்டும் அசைத்து எண்ணினார்கள். சரியாக அந்த நேரத்தில் ஓர் அம்மா வாசல் வழியாகச் சுக்குக் காபித் தூக்கோடு வந்தார். சுக்கு மணம் அடித்ததும் என் வயிறு முதல்முறையாக ஒரு நல்ல எண்ணத்தை வெளிப்படுத்தியது. ‘அம்மா, இங்க ஒண்ணு’ என்பதற்காக நான் கையைத் தூக்கி ஆட்டினேன்.

பிறகு என் பெயர் வந்தது. நானும் எனக்காகக் கை தூக்கினேன். அதில் வெட்கம் ஏதும் இல்லை. இன்னொரு கையில் டம்ளர் இருந்தது.

டீச்சர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் கணக்குல டாக்டர் சாருக்குப் பதினாறு, எழுத்தாளர் சாருக்குப் பதினாறு. பொருளாளர் கணக்குல டாக்டர் சாருக்குப் பதினேழு, எழுத்தாளர் சாருக்குப் பதினாறு. சராசரி, பதினாறரைக்குப் பதினாறு. டாக்டர் சார் அரை ஓட்டுல ஜெயிச்சிருக்காரு.”

கைதட்டினார்கள். போண்டாவுக்குப் பதில் இங்கே சுண்டல். நான் நண்பனை ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

“பதினேழாவது யாருய்யா?”

“நீதான்.”

“நான் எனக்கு எதிரா ஏன்யா ஓட்டுப் போடறேன்? அது சுக்குக் காபிக்குத் தூக்கின கை!”

“இருக்கலாம். கை மேல போச்சு, எண்ணினேன். எதுக்குப் போச்சுன்னு ஊகிக்கறது எண்றவன் வேல இல்ல. சாக்கு விவகாரத்துக்கு அப்புறம் நீதான இத எழுதிக் குடுத்த?”

“சரி, உன் ஓட்டு? உன் ஓட்டையாவது எனக்குப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பனே!”

அவன் என்னைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தான். “எண்றவன் தன்னையே எப்படிய்யா எண்ணிக்குவான்? ஏரிக்குப் போனா பறவையோட சேத்து நம்மளயும் எண்ணிக்கினா வர்றோம்?”

முன்மொழிந்தவனே ஓட்டுப் போடாத வேட்பாளர் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறாரா என்று தெரியவில்லை. மறு எண்ணிக்கை கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் சுண்டலை முடித்துவிட்டு வடக்கனந்தல்காரர்கள் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பறவைகள் எழும்பிவிட்டால் அந்த ஏரியை மறுபடி எண்ண முடியாது. அதுவும் விதிதான்.

டாக்டர் வந்து தோளில் கை போட்டார். “பஸ்ஸு வேணாம் சார். ஒருத்தர் ஜீப்பு இருக்கு, நம்ம கூட வாங்க. முன்னாடி உக்காருங்க. நீங்க பின்னாடி உக்காந்தா எங்களுக்குத்தான் ஆபத்து.”

ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் நான். பின்னால் டாக்டர், டீச்சர், நண்பன். புது ஆட்சிக்குழுவே என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. இரண்டு வளைவு வரை தாக்குப்பிடித்தேன். பிறகு திரும்பாமலே, முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை, தலைவர், சம்பந்தி, மகள், குலதெய்வம். சொல்லி முடித்ததும் டீச்சரிடமிருந்து ஒரு விக்கல் மாதிரி வந்தது. அடக்கி வைத்த சிரிப்பு.

“தெரியுங்க” என்றார் டாக்டர்.

“இன்னா தெரியும்?”

“பத்திரிகைங்க. நான் அதே அச்சகத்துலதான் தடுப்பூசி முகாம் நோட்டீஸ் அடிக்கறேன். அன்னிக்கிப் போனேன், ‘டாக்டர், எழுத்து இத மாதிரி பெருசா வேணுங்களா?’ன்னு உங்களோடதக் காட்டினாரு. தேர்தலே நடக்கல, தலைவருன்னு போட்டிருக்காரே, சரி, ஒரு ஆட்டம் காட்டலாம்னுதான் மனுவே போட்டேன்.”

நான் இப்போது திரும்பினேன். “அப்ப எத்தன பேருக்குத் தெரியும்?”

“எனக்கு ஓட்டுப் போட்ட பதினாறரைப் பேருக்கும் தெரியும்.”

“உங்களுக்குப் போட்டவங்களுக்கும் தெரியும் சார்” என்றார் டீச்சர். “அவங்க பாவம் பாத்துப் போட்டாங்க.”

“கடைசி நேரத்துல மனுவ வாபஸ் வாங்கிடலாம்னுதான் இருந்தேன்” என்று டாக்டர் தொடர்ந்தார். “நம்புங்க. உங்க வூட்டுக் கல்யாணம், நான் எதுக்கு நடுவுல? ஆனா கூட்டத்த மலைக்கு மாத்தினீங்க பாருங்க, எங்க ஆளுங்க வாந்தி எடுப்பாங்கன்னு. அத டீச்சரு கண்டுபுடிச்சி சொன்னாங்க. அதுக்கப்புறம் எங்க ஆளுங்க வுடல. ‘நீங்க வாபஸ் வாங்கினா உங்ககிட்ட மாட்டக் காட்ட மாட்டோம்’னுட்டானுங்க.”

நண்பன் மட்டும் ஜீப்புக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலைத் திட்டத்தில் அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதை நான் அந்த இடத்தில் சொல்லாமல் விட்டது என் பெருந்தன்மை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“இப்ப இன்னா பண்றது?” என்றேன். குரல் கேவலமாக இருந்தது. “சம்பந்தி ஒரு வார்த்த கேட்டா நான் மாட்டிக்கினேன். எனக்குப் பரவால்ல. பொண்ணு போய் வாழணும்.”

அதைக் கேட்டதும் ஜீப்பில் சிரிப்பு நின்றுபோனது. டீச்சர், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசுகிற குரலில், “துணைத் தலைவர் பதவி காலியா இருக்கு. காலி எடத்த ஆட்சிக்குழுவே நிரப்பிக்கலாம்னு நம்ம சட்டத்துல இருக்கு. மூணு பேரு இருந்தா கூட்டம் செல்லும். மூணு பேரு இருக்கோம்” என்றார்.

“துணைத் தலைவர் போதாதே” என்றேன். இவ்வளவு ஆன பிறகும் பேரம் பேசினேன்.

“தலைவர் லீவுல போனா துணைத் தலைவர்தான் தலைவர்.”

டாக்டருக்கு உடனே பிடிபட்டது. “கல்யாணம் அன்னிக்கி நான் லீவு.”

“லீவுல இருந்தா கல்யாணத்துக்கு வர முடியாதா?” என்று நண்பன் கவலைப்பட்டான்.

“தலைவராதான் வரக்கூடாது. சாப்பிட வரலாம்.”

ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். மலைப்பாதையில் ஜீப் குலுங்கிய குலுக்கலில் எல்லோரும் தலையாட்டினார்கள். டிரைவர்கூட ஆட்டினார், அவருக்கு ஓட்டு இல்லை. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தலைவராக இருக்கிற அந்த ஒரு நாளில் நான் எந்தப் பறவையையும் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் எழுதி வைக்கக் கூடாது.

கல்யாணத்தன்று நான் சட்டப்படி தலைவர். காலையில் மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்திலேயே டாக்டர், தன் மொத்தப் படையோடு வந்து, “தலைவரே, வணக்கங்க!” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கும்பிட்டார். நான் ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தேன். கேட்டுவிட்டது.

பந்தியில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “உங்க கழகத்துல இன்னா பண்ணுவீங்க?”

“பறவைங்கள எண்ணுவோம்.”

“எண்ணி?”

“எழுதி வைப்போம்.”

“அப்புறம்?”

“அடுத்த வருஷம் மறுபடி எண்ணுவோம்.”

அரசாங்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அவருக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. தலையாட்டிக்கொண்டே ரசத்தை வாங்கினார். எனக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சாப்பாடு ருசித்தது.

இரண்டு மாதம் கழித்துச் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில், மகள் முன்னாலேயே, நான் அந்த விஷயத்தை எடுத்தேன். மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. பத்திரிகை அடித்தபோது தேர்தலே நடக்கவில்லை என்பதில் தொடங்கி அரை ஓட்டு, ஜீப்பு, ஒருநாள் பதவி வரை எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தியம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அதுக்கா இவ்ளோ பாடு பட்டீங்க?” என்றார். “பத்திரிகைல உங்க பேருக்குக் கீழ அதப் பாத்ததுமே நான் எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ‘மனுஷனுக்கு வேலவெட்டி எதுவும் இல்ல போலருக்கு, பாவம், அதப் பத்தி அவருகிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க’ன்னு.”